பெயிண்ட் அடிக்காத இரும்பு

என் கணவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கட்சிக் கொள்கையோ கடவுள் கொள்கையோ இல்லை. ஒரு காரில் எந்த இரும்பெல்லாம் தொழிற்சாலையை விட்டு வரும்போது பெயிண்ட் இல்லாமல் வந்ததோ, அதெல்லாம் கடைசிவரை பெயிண்ட் இல்லாமலே இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காக ஒரு மனுஷன் மூன்று வருஷம் தன் உயிரையும் பெண்டாட்டி உயிரையும் சேர்த்து வாங்க முடியுமா என்று கேட்டால், முடியும். வாங்கினார்.

கிண்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்த்து முத்திரை குத்தும் பிரிவில் இருந்தவர். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில் வி.ஆர்.எஸ். என்று ஒரு கவரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவரோடு வெளியே வந்தவர்கள் கூடுவாஞ்சேரியில் மனை வாங்கினார்கள், பொத்தேரியில் காலேஜ் பையன்களுக்கு மெஸ் வைத்தார்கள். இவர் படப்பைக்குப் போய், ஒரு கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அறுபதுகளில் செய்த கார். சேலையூரைத் தாண்டி இருந்த எங்கள் காலனி வாசலில் அதை இறக்கியபோது பின் சீட்டிலிருந்து ஒரு முட்டை உருண்டு வந்து விழுந்து உடைந்தது. தெருவே சிரித்தது.

"பாத்தியா, முட்டையெல்லாம் போடுது. உயிருள்ள வண்டி" என்றார் என்னிடம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஒரே மாதத்தில் அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டார். வண்டியின் கூடு போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்குள் நின்றது. பாகங்கள் எல்லாம் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போயின. மகள் கல்யாணமாகி பெங்களூர் போகும்வரை படித்த அறை அது. கூட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பிடிவாதமெல்லாம் அடியில் இருக்கிற, யாரும் குனிந்து பார்க்காத சமாச்சாரங்களுக்குத்தான். சக்கரத்தைத் திருப்புகிற கை, பிரேக் டிரம், ஸ்பிரிங் பட்டை, இன்ஜின் புகை வெளியேறும் குழாய், இப்படி.

"அடியில இருக்கிறது யாருக்குத் தெரியப்போவுது? ஒரு கறுப்பு பெயிண்ட்டை அடிச்சு விடுங்களேன்" என்பேன்.

"பெயிண்ட் அடிச்சா விரிசல் இருந்தாக்கூட தெரியாதும்மா. அப்படி மறைச்சதைக் கண்டுபிடிக்கிறதுதான் இத்தனை வருஷமா என் வேலை. என் வண்டியில நானே மறைக்கவா?" என்பார்.

படப்பை ரோட்டில் ஒரு பட்டறையில் மணலைக் காற்றோடு சேர்த்து அடித்துத் துருவை உரித்துக் கொடுப்பார்கள். உரித்த இரும்பு எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. எவர்சில்வர் மாதிரிப் பளபளக்காது. சீவின பென்சில் முனையின் நிறம், அதைவிடக் கொஞ்சம் வெளுப்பு. வார்ப்பில் விழுந்த எண், கடைசல் பிடித்த கோடு எல்லாம் அதில் துல்லியமாகத் தெரியும். அழகாகத்தான் இருக்கும். அதை அவரிடம் சொல்லித் தொலைத்தால் இன்னொரு காரை வாங்கிவிடுவாரோ என்று பயந்து நான் சொன்னதில்லை.

ஆனால் நம் ஊர்க் காற்று சும்மா விடுமா? காலையில் உரித்தது சாயங்காலத்துக்குள் டீ சிந்தின மாதிரி பழுப்பாகிவிடும். அதனால் பாகங்களைப் பழைய வேட்டியில் சுற்றி, ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, முடிச்சூர் ரோடு வழியாகப் பறந்து வருவார். வந்ததும் நேராக மொட்டை மாடி. நான் வடாம் காயவைத்திருக்கும் பழைய புடவையின் மறு பாதியில் இரும்பைக் காயவைப்பார். வெயிலில் சூடேறினால்தான் மருந்து உள்ளே இறங்குமாம். மருந்து என்றுதான் அதைச் சொல்வார்.

அந்த மருந்து ஒரு ஸ்குவாஷ் பாட்டிலில் இருந்தது. பார்க்க டிகாஷன் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டவ்வை வைத்து, வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து அவரே காய்ச்சுவார். இரும்பில் மெல்லிசாக ஒரு கை தேய்ப்பார், காயவிடுவார், மறுபடி தேய்ப்பார். மூன்று கை ஆனபிறகு பார்த்தால் தேய்த்த அடையாளமே இருக்காது. பிசுக்கு கிடையாது, மினுமினுப்பு கிடையாது. இரும்பு இரும்பாகவே தெரியும், துரு மட்டும் கிட்டே வராது. சில மாதத்துக்கு ஒருமுறை மேலே ஒரு கை தேய்த்தால் போதும்.

"அதுல என்னதான் போடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். வடாமில் அந்த வாடை ஏறிவிட்ட எரிச்சலில்தான் கேட்டேன்.

"சொன்னா உனக்குப் புரியாது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அரசு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் கோப்பு எழுதினவளுக்கு ஒரு பாட்டில் எண்ணெய் புரியாதாம். போய்யா என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. சட்டையைப் பிடித்து, ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில், ஒரு காலை, பல் தேய்க்கப் போனவர் பாத்ரூமில் விழுந்தார். பக்கவாதம். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் வர முடியாமல், நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. முழுசாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "சரி."

பசிக்குதா? சரி. வலிக்குதா? சரி. நான் யாருன்னு தெரியுதா? சரி.

முதல் இரண்டு நாள் நான் பூரித்துப்போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் என்னிடம் இவ்வளவு தடவை சரி சொன்னதே இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப்போய் விளக்கினாள்.

"அவருக்கு நாம பேசறது புரியுது மேடம். பதில் சொல்லணும்னு நினைக்கிறதும் உள்ள இருக்கு. ஆனா வாய்க்கு வர்றப்ப எல்லாமே அந்த ஒரு வார்த்தையாத்தான் வரும். வேண்டாம்னு சொல்ல வாயைத் திறப்பார், சரின்னுதான் வரும். தலையாட்டறதைக்கூட நம்ப முடியாது, மாத்தி ஆட்டிடுவார். அதனால அவர் சரின்னு சொல்றதை சம்மதம்னு மட்டும் எடுத்துக்காதீங்க."

"சரி" என்றேன் நான்.

எழுத்தும் போய்விட்டிருந்தது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடாக இழுத்தார். அதைப் பார்த்து அவருக்கே வெட்கமாகி, பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது கையைப் பின் அறைப் பக்கம் நீட்டினார். தள்ளிக்கொண்டு போனேன். அவரை அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடின அவசரத்தில் அந்த அறை ஜன்னலை நான் மூடாமல் போயிருந்தேன். மூன்று வார மழைச் சாரல் உள்ளே அடித்திருந்தது. அலமாரி முழுக்க இரும்பின் மேல் பழுப்பாக மஞ்சள் பொடி தூவினாற்போல இருந்தது. அவர் அழுதார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, சத்தமே வராத அழுகை. நான் அவர் காலடியில் உட்கார்ந்து, "நான் பாத்துக்கறேங்க. நீங்க எழுந்து நடந்து வர்றவரைக்கும் இதை இப்படியே காப்பாத்தி வைக்கறேன். பெயிண்ட் கியிண்ட் எதுவும் கிட்ட வராது" என்று சத்தியம் மாதிரிச் சொன்னேன்.

"சரி" என்றார்.

அது வெறும் வாய்வார்த்தையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டேன். காலையில் அந்த அறைக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நிறுத்தினால்தான் அவர் உடற்பயிற்சிக்குக் கையை நீட்டுவார் என்று ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. நிறுத்தாத நாளில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். சோறுகூட இறங்காது. அந்த இரும்பைப் பார்த்துக்கொண்டுதான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள பெருங்களத்தூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். நான் கிண்டி ஆபீஸ் விட்டு மின்சார ரயிலில் நசுங்கி வந்து, சேலையை மாற்றினதும் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போவேன். ஒரு மணி நேரம் உப்புத்தாளால் பழுப்பைத் தேய்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாடிக்குத் தூக்கிப்போய்ச் சூடேற்றி மருந்து தேய்ப்பேன். பிரேக் டிரம் என்ன கனம் கனக்கிறது, அம்மாடி! மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் அவரைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவேன். பாட்டிலில் நான்கு விரற்கடை மருந்து இருந்தது. மார்கழி முடிவதற்குள் அது ஒரு விரற்கடை ஆனது.

பாட்டிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் இருந்த பாய் கடைக்குப் போனேன். ஹார்டுவேரும் பெயிண்ட்டும் விற்கிற கடை. என் கணவர் பழியாகக் கிடந்த இடம். விஷயம் கேட்டு பாய் கண் கலங்கிவிட்டார். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"தேன்மெழுகு இருக்கும்மா. டர்பன்டைன் இருக்கு. ரெண்டும் நம்ம கடையிலதான் வாங்குவாரு. மூணாவதா ஒண்ணு சார் எங்கிருந்தோ கொண்டு வருவாரு. நானும் கேட்டேன். சொன்னா உங்களுக்குப் புரியாது பாய்னுட்டாரு."

பாயிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பாய் இன்னொரு தடவை மோந்தார். "என்னமோ ஆட்டு வாடை அடிக்குதேம்மா" என்றார்.

ஆடு என்றால் ஆட்டுக் கொழுப்பாகத்தான் இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டினோம். பாயின் தம்பி கறிக்கடை வைத்திருந்தார். இலையில் சுற்றி, மேலே பேப்பர், அதற்கு மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு ரொம்ப மரியாதையாகக் கொடுத்தனுப்பினார். முட்டைகூட வாங்காத வீடு எங்களுடையது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அதை உருக்கினேன். மெழுகையும் டர்பன்டைனையும் கலந்து, ஸ்பிரிங் பட்டை முழுக்கத் தேய்த்தேன். மூன்றாம் நாள் அறை வாசலில் நாலு பூனை. எறும்பு சாரி சாரியாகச் சுவரேறி வந்தது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏதோ வாடை வர்றதே, எலி கிலி செத்துக் கிடக்கான்னு பாருங்கோ" என்றாள். சோப்பு போட்டுக் கழுவினால் தண்ணீர் பட்ட இரும்பு அன்றைக்கே சிவந்துபோனது.

அப்புறம் மூன்றாவது சாமானே இல்லாமல் வெறும் மெழுகும் டர்பன்டைனும் போட்டுப் பார்த்தேன். திட்டுத்திட்டாக வெளுத்து, நகம் பட்டால் உரிந்தது. தையல் மிஷின் எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடைசியில், பாய் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நிறமில்லாத வார்னிஷ் ஒரு டப்பா வாங்கி ஒரு பிரேக் டிரம்முக்கு மட்டும் அடித்தேன். கண்ணாடி போட்டது மாதிரி மின்னியது. பெருமையாக அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதத்தில் அது மஞ்சளாகி, அந்த மஞ்சளுக்கு அடியில் துரு புழு மாதிரி நெளிந்து போயிருந்தது. அதைச் சுரண்டி எடுக்க நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அவரிடமே கேட்டுப் பார்க்காமல் இருப்பேனா? பாய் கடையில் இருந்த எண்ணெய், மெழுகு, பிசின் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிவந்து மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து மூக்குக்கு நேரே காட்டினேன்.

"இதுவா?"

"சரி."

"அப்ப இது இல்லையா? இதுவா?"

"சரி."

ஐந்தாவது டப்பாவில் அவர் இடது கையால் நாற்காலியைக் குத்த ஆரம்பித்தார். "சரி! சரி! சரி!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். திட்டுகிறார் என்று தெரிந்தது. என்ன திட்டுகிறார் என்பதுதான் தெரியவில்லை. எனக்கும் பிடித்துக்கொண்டது. "கத்தாதீங்க! வாய் நல்லா இருந்தப்ப சொல்லியிருக்கலாமில்ல? எனக்குப் புரியாதுன்னீங்களே, இப்ப உங்களுக்கு மட்டும் என்ன கிழிஞ்சுது?" என்று நானும் கத்திவிட்டேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் நான் யாரிடம் என்ன பேசினேன் என்று உறைத்தது. மேஜையில் இருந்த அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு, அவர் மடியில் தலைவைத்து அழுதேன். அவர் என் தலையில் கைவைத்து, மெதுவாக, "சரி, சரி" என்றார்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. பாட்டிலைக் கவிழ்த்துவைத்து, வடிந்த கடைசிச் சொட்டை ஒரு போல்ட்டுக்குத் தேய்த்தேன். மழை ஆரம்பித்ததும் என் உப்புத்தாளால் துருவை ஓடிப் பிடிக்க முடியவில்லை. இன்றைக்குத் தேய்த்த இடம் நாளைக்குப் பழுப்பாக இருக்கும். தேய்த்துத் தேய்த்து வார்ப்பு எண்கள் மழுங்க ஆரம்பித்தன. காப்பாற்றுகிறேன் என்று அந்த இரும்பை நானே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தேன். காலையில் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் அலமாரியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

பொங்கலுக்கு முன்னால் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்க வழக்கமாக வரும் பெயிண்டர் வந்தார். கம்பி தேய்க்கப் பின் அறைக்குள் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, இம்மாம் சாமான் துருப்புடிச்சிகினு கீது? வூட்டுக்குள்ள வெச்சிகினு சும்மா பாத்துகினு கீறீங்களே! ஒரு நாள் வுடுங்க. சில்வர் அடிச்சித் தர்றேன். பத்து வருசத்துக்கு ஒரு பேஜாரும் இல்ல."

ஒரு பேஜாரும் இல்ல. அதைக் கேட்டதும் எனக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. பதினைந்து மாதம். ஆபீஸ், ரயில், அவர், அந்த இரும்பு. கையில் உப்புத்தாள் தேய்த்த காய்ப்பு. ஒரு நாளைக்காவது எதையும் தேய்க்காமல் தூங்கினால் போதும் என்றிருந்தது.

ஹாலில் டி.வி. முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்க, துரு நிக்கல. என்னால முடியல. எல்லாத்துக்கும் சில்வர் பெயிண்ட் அடிச்சிடட்டுமா?"

"சரி."

"நிஜமாவா?"

"சரி."

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"சரி."

அந்தச் சொல்லை ஒரு நாளும் நான் நம்பினதில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டுமா என்பதற்குக்கூட அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஊற்றுவேன். அன்றைக்கு நான் முகத்தைப் பார்க்கவில்லை. டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். புருஷனைக் கேட்டேன், சரி என்றார், செய்தேன் என்று யாரிடமும் சொல்லலாம். ஊரில் எல்லாப் பெண்களும் சொல்வதுதான். ஆனால் நான் தெரிந்தே செய்தேன். பெயிண்டரிடம் "அடிச்சிடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் போட்டிருந்த லீவை ரத்து செய்துகொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தபோது வேலை முடிந்திருந்தது. "ஜம்முனு கீதும்மா, போய்ப் பாருங்க" என்றார் பெயிண்டர், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே. நல்ல மனுஷன், ஒரு போல்ட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. அலமாரி முழுக்க ஒரே வெள்ளி. எங்கள் வீட்டு கேட், தெருமுனைக் குழாய், ரேஷன் கடை ஜன்னல் எல்லாம் என்ன வெள்ளியோ அதே வெள்ளி. எண் இல்லை, கோடு இல்லை. எது டிரம், எது பட்டை என்றே எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

அவரிடமிருந்து அதை ஒளித்துவைக்கவா முடியும்? தள்ளிக்கொண்டு போனேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். இடது கையை நீட்டிப் பக்கத்திலிருந்த டிரம்மைத் தொட்டார். ஈரம் காயவில்லை, உள்ளங்கை வெள்ளியாக வந்தது. அதையும் பார்த்தார். உதடு அசைந்தது. சரி என்று சொல்லப்போகிறார், அதை எப்படிக் கேட்டுத் தாங்கப்போகிறேன் என்று நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்" என்றார்.

தெளிவாக, குழறாமல் வந்தது. பதினைந்து மாதத்தில் முதல் புதுச் சொல். என்னைத் திரும்பிப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். "வேணாம்."

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "சார் பேசிட்டாரு! சார் பேசிட்டாரு!" என்று கைதட்டிக்கொண்டே தெருவுக்குப் போய் எல்லோரையும் கூட்டிவந்துவிட்டார். மாமி சர்க்கரையை அள்ளி என் வாயில் போட்டாள். மகளுக்கு போன் போட்டு அவர் காதில் வைத்தோம். "வேணாம்" என்று கேட்டு அவள் அந்தப் பக்கம் விம்மி விம்மி அழுதாள். மறுநாள் பேச்சுப் பயிற்சிப் பெண் வந்து, "சூப்பர் மேடம்! எப்படி வந்துச்சு? அவர் முன்னாடி என்ன காட்டினீங்க?" என்று நோட்டைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல, சும்மா பேசிட்டிருந்தோம்" என்றேன்.

அதற்குப் பிறகு சரி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. எல்லாவற்றுக்கும் வேணாம்தான். இட்லி ஊட்டினால் வேணாம் என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறப்பார். ஃபேன் போடட்டுமா? வேணாம். நான் ஆபீஸுக்குப் போயிட்டு வரட்டுமா? வேணாம். பயிற்சிப் பெண், இதுவும் அப்படித்தான், ஒரு சொல் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, இதையும் அப்படியே நம்பாதீர்கள் என்றாள்.

"அந்தப் பெயிண்ட்டை எடுத்துடட்டுமாங்க?" என்று கேட்டேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"வேணாம்."

முகத்தில் ஒன்றுமே இல்லை. வேண்டாம் என்கிறாரா, எடு என்கிறாரா, இல்லை, எப்படியோ போ என்கிறாரா? நானும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறேன், ஒன்றும் தெரியவில்லை. அறைக்குள் போக அவர் கையை நீட்டுவது நின்றுபோனது. உடற்பயிற்சிக்கும் நீட்டவில்லை. பங்குனியில் டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்ட்ரஸ்ட்டே போயிடுச்சும்மா அவருக்கு" என்றார். ஏன் போனது என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது?

சித்திரையில் ஒரு நாள், யாரையும் கேட்காமல் பாய் கடைக்குப் போய்ப் பெயிண்ட் உரிக்கும் மருந்து கேட்டேன். அவர் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"எடுத்துடலாம்மா. எடுத்தப்புறம் அது மேல பூச என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல பாய்" என்றேன்.

அவர் டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்தார். "கையில பட்டா எரியும், பத்திரம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடிக்குப் போனேன். எல்லாவற்றையும் செய்ய என் உடம்பில் தெம்பில்லை. சக்கரத்தைத் திருப்புகிற கை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மருந்தைத் தடவியதும் வெள்ளி சுருங்கிக் கொப்பளித்தது. சுரண்டினேன், கம்பி பிரஷ் போட்டேன், பெட்ரோலில் துடைத்தேன், உப்புத்தாள் போட்டேன். இடுக்குகளில் ஊசியால் நோண்டினேன். பதினோரு மணிக்கு மேல் கால் வைக்க முடியாத வெயில். குடையைப் பிடித்துக்கொண்டு செய்தேன். சாப்பிட இறங்கவில்லை. மூன்று மணிக்குச் சாம்பல் நிறத்தில், வழவழவென்று, அந்த இரும்பு வெளியே வந்தது. என் கையால் வந்தது.

அவர் மடியில் துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். இடது கை மெல்ல வந்து அதன்மேல் படிந்தது. கட்டைவிரல் அதன் வளைவோடு போய், விளிம்பில் நின்று, திரும்பி வந்தது. மறுபடி போனது. அவர் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலை தெரிந்த மனுஷனின் விரல் அது, ஒரு குறையும் இல்லாமல் அப்படியே இருந்தது.

கடல் பக்கத்திலிருந்து புழுக்கமான காற்று வர ஆரம்பித்திருந்தது. ஐந்து மணிக்கு, அவர் கட்டைவிரல் பட்ட வழியில் லேசான பழுப்பு தெரிந்தது. எனக்குப் பதறியது. துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

"கொடுங்க, வேர்வை படுது. துடைச்சு உள்ள வைக்கறேன்."

அவர் கை அந்த இரும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"வேணாம்" என்றார்.

அந்த ஒரு தடவை எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். பழுப்பு விரலடியிலிருந்து மெதுவாக விரிந்துகொண்டிருந்தது. விளக்கு போடும் நேரம் வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.